கிராமத்து மாரடைப்பு: மருந்து இருக்கிறது, நேரம் எங்கே?

இரவு சாப்பாட்டுக்குப் பிறகு நெஞ்சை அடைக்கிறது. இடது தோள் கனக்கிறது. உடம்பெல்லாம் வியர்வை. கிராமத்து வீட்டில் முதலில் வரும் யோசனை என்ன? "கேஸ் டிரபிளா இருக்கும், ஒரு சோடா குடிச்சிட்டுப் படுங்க." விடியும்வரை பார்ப்போம் என்று படுத்தவர்களில் பலர் விடியலைப் பார்ப்பதே இல்லை!

மாரடைப்பு என்பது இதயத் தசைக்கு ரத்தம் கொண்டு போகும் குழாயில் கட்டி அடைப்பது. அடைபட்ட நிமிடத்திலிருந்து தசை சாகத் தொடங்குகிறது. செத்த தசை திரும்ப வளராது. அடைப்பை நீக்க இரண்டு வழிகள். ஒன்று, கட்டியைக் கரைக்கும் ஊசி (ஸ்ட்ரெப்டோகைனேஸ், டெனெக்டெப்ளேஸ்). மற்றொன்று, ஆஞ்சியோபிளாஸ்டி. இரண்டாவதற்கு கேத் லேப் வேண்டும், அது பெரிய ஊர்களில்தான் உண்டு. ஆனால் முதலாவதைத் தாலுகா மருத்துவமனையிலேயே கொடுக்கலாம். முதல் ஒரு மணி நேரத்தில் கொடுத்தால் பலன் மிக அதிகம். 12 மணி நேரம் தாண்டினால் பெரும்பாலும் பயனில்லை.

இந்தியாவில் நடப்பது என்ன? சுமார் 21,000 நோயாளிகளைப் பதிவு செய்த கிரியேட் ஆய்வு 2008-ல் லான்செட் இதழில் வெளிவந்தது. வலி தொடங்கி மருத்துவமனை வந்து சேர ஆன இடைநிலை நேரம் 360 நிமிடம். அதாவது ஆறு மணி நேரம்! வந்த பிறகு ஊசி போட ஆனது 50 நிமிடம்தான். முப்பது நாட்களுக்குள் இறந்தவர்கள் வசதியானவர்களில் 5.5 சதவீதம், ஏழைகளில் 8.2 சதவீதம். கிடைத்த சிகிச்சையில் இருந்த வித்தியாசத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்டதும் இந்த இடைவெளி மறைந்துவிட்டது. ஏழையின் இதயம் பலவீனமானது அல்ல, அவனுக்குக் கிடைத்த வைத்தியம்தான் குறைவு.

இதை மாற்ற முடியும் என்று தமிழ்நாடே காட்டியிருக்கிறது. 2012-க்குப் பிறகு, கேத் லேப் உள்ள பெரிய மருத்துவமனைகளைச் சுற்றியுள்ள சிறிய மருத்துவமனைகளோடு இணைத்து ஒரு திட்டம் நடந்தது. சிறிய இடத்தில் ஈசிஜி எடுத்து ஊசி போடுவது, பிறகு ஆம்புலன்ஸில் பெரிய இடத்துக்கு அனுப்பி ஆஞ்சியோ பார்ப்பது, செலவை அரசுக் காப்பீட்டில் சேர்ப்பது. இதுதான் முறை. 2,420 நோயாளிகளின் விவரங்கள் 2017-ல் வெளியாயின. ஆஞ்சியோகிராம் செய்துகொண்டவர்கள் 35 சதவீதத்திலிருந்து 60.8 சதவீதமாக உயர்ந்தார்கள். ஓராண்டுக்குள் இறந்தவர்கள் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 ஆகக் குறைந்தார்கள்.

ஆனால் இன்னொரு எண்ணையும் பார்க்க வேண்டும். மருத்துவமனையில் இருக்கும்போதே இறந்தவர்களின் விகிதம் அநேகமாக மாறவில்லை (5.8, பிறகு 5.6). பெரிய மருத்துவமனையோடு இணைப்பது மட்டும் போதாது, நோயாளி சீக்கிரம் வரவும் வேண்டும் என்பதையே இது நினைவூட்டுகிறது. வீட்டில் சோடாவோடு போன ஆறு மணி நேரத்தை எந்த கேத் லேப்பும் திருப்பித் தராது.

2023-ல் தமிழக அரசு தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டம் சரியான இடத்தில் கை வைத்திருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரல் 4, அடோர்வாஸ்டாடின் 8 என மொத்தம் 14 மாத்திரைகளைக் கொடுத்து மேல் சிகிச்சைக்கு அனுப்புகிறார்கள். நல்லதுதான். ஆனால் மாத்திரை அடைப்பைத் திறந்துவிடாது, ஊசி போடும் இடம்வரை நிலைமை மோசமாகாமல் இருக்க உதவும், அவ்வளவே. அந்த ஊசி ராத்திரி இரண்டு மணிக்கும் தாலுகா மருத்துவமனையில் இருக்க வேண்டும். ஈசிஜியைப் படித்து 'போடு' என்று சொல்ல ஒருவர் போனிலாவது கிடைக்க வேண்டும். வீடு திரும்பியவருக்கு மாத்திரை தீர்ந்துபோகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மாவட்டத்துக்கு ஒரு கேத் லேப் திறப்பது செய்தித்தாளில் படமாக வரும். தாலுகா மருத்துவமனையில் இரவு ஈசிஜி எடுப்பது வராது. ஆனால் கிராமத்து மனிதனின் உயிர் இருப்பது அந்த இரண்டாவதில்தான். நெஞ்சு வலித்தால் சோடா கடை வேண்டாம், முதலில் 108!