பதவிக்கு முன் ஒரு பதில்

1942 செப்ரெம்பர் 9 அதிகாலை, அமெரிக்காவின் ஒரெகன் கரைக்கு அப்பால் யப்பானிய நீர்மூழ்கி ஒன்று மேலே வந்து சிறிய விமானம் ஒன்றை ஏவியது. அதை ஓட்டிய நொபுவோ புஜிதா, புரூக்கிங்ஸ் என்ற சிற்றூரை அண்டிய காட்டில் இரண்டு தீக்குண்டுகளைப் போட்டார். காடு ஈரமாக இருந்ததால் தீ பரவவில்லை. எவரும் சாகவுமில்லை.

இருபது ஆண்டுகள் கழித்து, 1962இல், அதே ஊரின் ஜேசீஸ் இளைஞர் அமைப்பு அவரைத் தங்கள் விழாவுக்கு அழைத்தது. ஊருக்குள் எதிர்ப்புக் கிளம்பியது. புஜிதா மனைவி, மகனோடு வந்தார். கையில் தன் குடும்பத்தின் 400 ஆண்டுப் பழைய வாள். ஊரார் தன்னை ஏற்காவிட்டால் அந்த வாளாலேயே உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தோடுதான் அவர் புறப்பட்டார் என்று மகள் பின்னாளில் சொன்னார். ஊர் அவரை ஏற்றது. வாளை அவர் ஊருக்கே கொடுத்துவிட்டார். பிறகு அவ்வூர் மாணவர்களைத் தன் செலவில் யப்பானுக்கு அழைத்தார், நூலகத்துக்குச் சிறுவர் நூல்கள் வாங்கப் பணம் கொடுத்தார், 1992இல் குண்டு விழுந்த இடத்தில் மரம் நட்டார். 1997இல் அவர் இறக்கும் தறுவாயில் புரூக்கிங்ஸ் அவரைத் தன் கௌரவக் குடிமகனாக்கியது.

நவாலியை நினைக்காமல் இந்தக் கதையை யாழ்ப்பாணத்தில் ஒருவர் படிக்க முடியாது.

1995 யூலை 9. இராணுவத்தின் 'முன்னோக்கிப் பாய்தல்' நடவடிக்கை வலிகாமத்தில் தொடங்கிய நாள். ஷெல்லடிக்கு அஞ்சி மூட்டை முடிச்சோடு நவாலிக்கு வந்த சனம் சென் பீற்றர்ஸ் தேவாலயத்திலும் சுற்றுவட்டத்திலும் ஒதுங்கியிருந்தது. விமானப்படையின் பொம்மர் வந்தது. 120க்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள். இடம்பெயர்ந்து வந்தவர்களுக்கு உதவிக்கொண்டிருந்த கிராம சேவையாளர்கள் இருவரும் அவர்களில் அடக்கம். செஞ்சிலுவைச் சர்வதேசக் குழு இதைப் பகிரங்கமாகச் சொன்னபோது அரசு அதன் மீதே சினந்தது. பத்து வாரங்களில், செப்ரெம்பர் 22ஆம் திகதி, நாகர்கோவில் பாடசாலைப் பிள்ளைகள் மீது குண்டு விழுந்தது. இரண்டுக்கும் இன்றுவரை எவரும் தண்டிக்கப்படவில்லை. விமானத்தை ஓட்டியவர் யார் என்பதும் எங்கள் சனத்துக்குச் சொல்லப்படவில்லை.

யாரையும் கொல்லாத புஜிதாவை மன்னிப்பது எளிது, அவர் தோற்ற நாட்டவரும்கூட என்று ஒருவர் வாதிடலாம். அது நியாயமான வாதம்தான். அப்படியானால் வென்ற பக்கத்தவர் ஒருவரைப் பார்ப்போம். அதே போரில் லிபரேற்றர் ரகக் குண்டுவீச்சு விமானத்தை ஐரோப்பாவில் ஓட்டினார் அமெரிக்கரான ஜோர்ஜ் மக்கவர்ன். 35 பறப்புகள். போர் முடிந்ததும் தென் டக்கோட்டாவின் மிற்செல் என்ற சிறிய பட்டணத்துக்குத் திரும்பி ஆசிரியராகி, ஊர் ஊராகப் போய்க் கட்சி கட்டி, செனற் சபைக்குத் தெரிவானார். சிக்கிக்கொண்ட குண்டு ஒன்றைத் தாங்கள் கழற்றி விழுத்தியபோது அது ஒரு பண்ணை வீட்டின் மேல் விழுந்ததை அவர் மறக்கவில்லை. 1985இல் ஒஸ்திரியத் தொலைக்காட்சியில் அதைச் சொன்னார். அது தன் வீடுதான் என்றும், குடும்பத்தோடு முன்கூட்டியே வெளியேறித் தப்பிவிட்டதாகவும் முதிய விவசாயி ஒருவர் அறிவித்தார். எந்த நீதிமன்றமும் மக்கவர்னை இதற்காகக் கூண்டில் ஏற்றியிருக்கப் போவதில்லை. சொல்லவேண்டும் என்று அவருக்குத் தோன்றியது, சொன்னார்.

இங்கே நடந்தது நேர்மாறானது. யாழ்ப்பாணத்தின் பாதுகாப்புப் படைத் தளபதியாக இருந்த மேஜர் ஜெனரல் ஜி.ஏ. சந்திரசிறி, போர் முடிந்து இரண்டு மாதங்களில், 2009 யூலையில், வடமாகாண ஆளுநரானார். நேற்றுவரை சோதனைச் சாவடிகளுக்குப் பொறுப்பாக இருந்தவரிடம் பாடசாலையும் வைத்தியசாலையும் வீதியும் ஒப்படைக்கப்பட்டன. 2013 செப்ரெம்பரில் மக்கள் வாக்களித்து மாகாண சபையின் 38 ஆசனங்களில் 30ஐத் தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்குக் கொடுத்த பிறகும், சிவில் அதிகாரி ஒருவரை ஆளுநராக்குங்கள் என்று புதிய சபை கேட்ட பிறகும், ஆட்சி மாறும்வரை அவர் அந்தக் கதிரையில் இருந்தார். படையில் இருந்தவர் பொதுவாழ்வுக்கு வரக்கூடாது என்று நான் சொல்லவில்லை. மக்கவர்னை மிற்செல் ஊராருக்குத் தெரியும், அவர்கள் வாக்களித்தார்கள். எங்களிடம் வந்தவரைக் கொழும்பு அனுப்பியது.

ஆனால் விரலை ஒரு பக்கம் மட்டும் நீட்டினால் இந்தக் கட்டுரைக்கு மதிப்பில்லை. யாழ்ப்பாண மேயர் அல்பிரட் துரையப்பா 1975 யூலை 27இல் பொன்னாலை வரதராஜப் பெருமாள் கோயிலடியில் சுடப்பட்டார். 1959இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தைத் திறந்து வைத்த மேயர் அவர். நகரின் முதல் பெண் மேயர் சரோஜினி யோகேஸ்வரன் பதவியேற்றுச் சில மாதங்களிலேயே, 1998 மே 17இல் தன் வீட்டிலேயே கொல்லப்பட்டார். அவருக்குப் பின் வந்த பொன். சிவபாலன் அதே ஆண்டு செப்ரெம்பர் 11இல், படை அதிகாரிகளோடு கூட்டத்தில் இருந்தபோது குண்டு வெடித்து இறந்தார். மூவரையும் கொன்றவை தமிழர் தரப்பின் ஆயுதங்கள் என்பது யாழ்ப்பாணத்தில் எல்லோருக்கும் தெரியும்.  ஆயுதம் ஏந்திய இயக்கங்களிலிருந்து பின்னர் வாக்குக் கேட்டு வந்து சபைகளில் அமர்ந்தவர்கள் பலர். அவர்களில் எத்தனை பேர் தங்கள் பழைய நாட்களைப் பற்றி ஊருக்கு முன் நின்று பேசியிருக்கிறார்கள்? பேசச் சொல்லி நாங்களாவது கேட்டோமா? வீதி போட்டுத் தருவாரா, வேலை எடுத்துத் தருவாரா என்பதோடு எங்கள் கேள்விகள் முடிந்துவிட்டன.

2025 மே 6 தேர்தலில் தெரிவான சபைகள் இப்போது இயங்குகின்றன. ஒவ்வொரு பிரதேச சபையும் தன் எல்லைக்குள் போரில் இறந்த பொதுமக்களின் பெயர், வயது, நாள், இடம், கொன்றது யார் என்பவற்றைக் கொண்ட பதிவேடு ஒன்றைத் தன் பொது நூலகத்தில் வைக்கலாம். இதற்குக் கொழும்பின் அனுமதி தேவையில்லை. ஓய்வுபெற்ற விமானப்படையினருக்கும் முன்னாள் இயக்கத்தவருக்கும், தெரிந்ததை எழுதித் தாருங்கள் என்று தீர்மானம் நிறைவேற்றிக் கடிதம் அனுப்பலாம். பலர் பதில் போடமாட்டார்கள். ஒருவர் போட்டாலும் நவாலிக்கு அது முதல் பதில். அடுத்த முறை வாக்குக் கேட்டு வருபவர் எந்தக் கட்சியானாலும், போர்க்காலத்தில் நீங்கள் என்ன செய்தீர்கள் என்று வாசலிலேயே கேளுங்கள்.