மாட்டைக் கொடுத்தா கயித்தையும் சேர்த்துக் கொடுங்க

மாடு விக்கிறவங்க கயித்தை மட்டும் அவுத்து வச்சுக்கிறது எங்க பக்கத்து வழக்கம். மாட்டோட வீட்டு லட்சுமியும் போயிடக் கூடாதுன்னு ஒரு நம்பிக்கை. வாங்கினவரு புதுக் கயிறு கட்டித்தான் ஓட்டிக்கிட்டு வரணும். பட்டணத்துல இருந்து ஊருக்கு வர்ற பழைய கம்ப்யூட்டருங்களும் இப்படித்தான் வருது. பெட்டி வரும், அதை எழுப்புற வழி வராது. ஆறு மாசத்துல நெல்லு மூட்டைக்குப் பக்கத்துல தூசி படிஞ்சு கிடக்கும்.

இதை ஏன் இப்ப எழுதறேன்னா, எங்க வீட்லயே ஒண்ணு நடந்துச்சு. தம்பி மக பிளஸ் டூ படிக்கும்போது வாங்கின லேப்டாப். 2011 செப்டம்பர் 15-ல் தமிழ்நாட்டுல ஆரம்பிச்சாங்களே விலையில்லா மடிக்கணினித் திட்டம், அதுல வந்தது. 2 ஜிபி மெமரி. புதுசுல அதை ஆன் பண்ணினா ஒரு சின்ன மெனு வரும். ஒரு வரியில விண்டோஸ், இன்னொரு வரியில பாஸ் லினக்ஸ். பாஸ்ங்கிறது நம்ம நாட்டு சி-டாக் நிறுவனம் உருவாக்கினது. அந்த வரியை எங்க வீட்ல யாரும் தொட்டதில்ல. பின்னால ஒருதடவை கடையில கொடுத்து பார்மட் போட்டப்ப அந்த வரியே காணாமப் போச்சு. போனது தெரியவும் இல்ல.

போன ஆனி மாசம் லேப்டாப் எழும்பவே இல்ல. டவுன்ல ஒரு கடையில காட்டினோம். "ஹார்ட் டிஸ்க் போயிடுச்சு, உள்ள இருக்கிறது எதுவும் வராது, காயலாங்கடையில போட்டுட்டு வேற வாங்குங்க"ன்னுட்டாங்க. பிள்ளை கண் கலங்கிடுச்சு. "பெரியப்பா, அப்பத்தா போட்டோ எல்லாம் அதுலதான் இருக்கு." எங்கம்மா களத்துல உக்காந்து கடலை ஆயிற படம். அம்மா போயி நாலு வருசம் ஆச்சு. அந்தப் படம் வேற எங்கயும் இல்ல.

எங்கிட்ட ஒரு பென்டிரைவ் இருந்துச்சு, 32 ஜிபி. என் பழைய கம்ப்யூட்டருக்காகச் செஞ்சு வச்சது. அதைச் சொருகி, ஆன் பண்ணின கையோட எஃப்12-ஐத் தட்டினேன். மெனு வந்துச்சு. அதுல லினக்ஸ் ஒண்ணைத் தேர்ந்தெடுத்தேன். ரெண்டு நிமிசத்துல திரை வந்துச்சு. ஹார்ட் டிஸ்க்கைத் திறந்தா எல்லாப் படமும் அப்படியே இருக்கு. கெட்டது ஹார்ட் டிஸ்க் இல்ல, விண்டோஸ் எழும்புறதுக்கான பைல் மட்டும்தான். கடைக்காரரைக் குத்தம் சொல்ல வரல. அவருக்கும் நாளுக்கு இருபது மிஷின் வருது. ஆனா பாக்கிறதுக்கு முன்னாடியே பொணம்னு முடிவு பண்றது தப்பு.

அந்தப் பென்டிரைவை எப்படிச் செய்யறதுன்னு சொல்லிடறேன். பத்தாவது படிச்ச நானே செஞ்சேன், உங்களுக்கு இருபது நிமிச வேலை.

வென்டாய்னு ஒரு இலவச மென்பொருள் இருக்கு. அதை இறக்கி, நல்லா ஓடற ஒரு கம்ப்யூட்டர்ல வச்சு பென்டிரைவ்ல நிறுவணும். நிறுவும்போது பென்டிரைவ்ல இருக்கிறது மொத்தமும் அழிஞ்சிடும், அதனால முன்கூட்டியே எடுத்து வச்சுக்குங்க. எந்த டிரைவைத் தேர்ந்தெடுக்கறோம்னும் ரெண்டு தடவை பாருங்க. அவ்வளவுதான். அதுக்கப்புறம் லினக்ஸ் ஐஎஸ்ஓ பைல்களைச் சாதாரணமா படம் காப்பி பண்ற மாதிரி காப்பி பண்ணிப் போட்டாப் போதும். ஒவ்வொரு பைலும் மெனுவுல ஒரு வரியா வந்து நிக்கும். புதுசு வந்தா பழசை அழிச்சுட்டுப் புதுசைப் போடலாம், திரும்ப முதல்ல இருந்து செய்ய வேண்டியதில்ல.

என் பென்டிரைவ்ல நாலு இருக்கு. 4 ஜிபி மெமரி உள்ள மிஷினுக்கு லினக்ஸ் மின்ட், எக்ஸ்எஃப்சிஇ வகை. 1 ஜிபி, 2 ஜிபி மிஷினுக்கு ஆன்டிஎக்ஸ். அதுல 32 பிட் பதிப்பும் இருக்கிறதால ரொம்பப் பழசுக்கும் ஆகும். மூணாவது பப்பி லினக்ஸ், மெமரியிலயே ஏறி ஓடும், ஹார்ட் டிஸ்க்கே இல்லாட்டியும் ஓடும். நாலாவது மெம்டெஸ்ட், மெமரி நல்லா இருக்கான்னு சோதிக்க. பைல் பேருதான் மெனுவுல தெரியும்கிறதால பேரை மாத்தி முன்னால 1, 2, 3, 4-ன்னு நம்பர் போட்டு வச்சேன். நான் இல்லாதப்ப வீட்டுப் பிள்ளைங்களுக்கும் புரியும்ல.

எஃப்12 எல்லா மிஷினுக்கும் ஒத்து வராது. சிலதுல எஃப்9, சிலதுல எஸ்கேப். ஆன் பண்ணினதும் திரையில ஒரு நொடி வந்து போகும், கவனிங்க. பென்டிரைவ்ல இருந்தே எழும்பத் தெரியாத ரொம்பப் பழைய மிஷினா இருந்தா ஐஎஸ்ஓ-வை சிடியில எழுதித்தான் போடணும்.

சரி, இப்ப என் கட்சிக்கு வர்றேன். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சுபோச்சு. விண்டோஸ் 11 ஏறணும்னா 4 ஜிபி மெமரி மட்டும் பத்தாது, டிபிஎம் 2.0-ங்கிற பாதுகாப்பு வசதியும் வேணும். அது இல்லாத நல்ல மிஷினுங்க உங்க ஆபீஸ்லயும் வீட்லயும் மூலைக்குப் போகுது. கொஞ்சம் காயலாங்கடைக்குப் போகும். கொஞ்சம் "ஊர்ப் பிள்ளைங்களுக்கு உதவட்டும்"னு எங்ககிட்ட வரும். நல்ல மனசுதான், மறுக்கல. ஆனா எழும்பாத பெட்டியைக் கொடுக்கறது தானம் இல்லீங்க, இடம் மாத்தி வைக்கறது. உங்க வீட்டுக் குப்பை எங்க ஊர்க் குப்பையாகும். கடைசியில செம்புக்காக எவனாவது ஒயரை ஓடைக்கரையில போட்டு எரிப்பான், அந்தப் புகை எங்க பிள்ளைங்க மூக்குக்குத்தான் வரும்.

அதனால கொடுக்கிறதா இருந்தா மூணு காரியம் செஞ்சு கொடுங்க.

முதல்ல உங்க விவரங்களை எடுத்துக்கிட்டு ஹார்ட் டிஸ்க்கைச் சுத்தமா துடைங்க. பாஸ்வேர்ட் போட்டிருக்கோம்னு நம்பி இருக்காதீங்க. என் தம்பி மக படங்களை நான் பாஸ்வேர்ட் இல்லாமத்தான் எடுத்தேன். நல்லவன் கையில இது சாவி, கெட்டவன் கையில கன்னக்கோல்.

ரெண்டாவது, அந்த மிஷின்லயே பென்டிரைவைப் போட்டு எழுப்பிப் பாருங்க. வைஃபை, சவுண்ட், கீபோர்ட் வேலை செய்யுதான்னு பார்த்துட்டு, ஒத்து வர்றதை நிறுவிடுங்க.

மூணாவது, அந்தப் பென்டிரைவையும் சேர்த்துக் கொடுங்க. எந்தப் பட்டனைத் தட்டணும்னு ஒரு துண்டுச் சீட்டுல எழுதி மூடியில ஒட்டுங்க. கயிறுங்கிறது அதுதான்.

இதுல எல்லாம் ஆயிடும்னு நான் சொல்லல. 2 ஜிபி மிஷின்ல பிரவுசர்ல அஞ்சாறு பக்கம் திறந்தா மூச்சு வாங்கும். விண்டோஸுக்குன்னே எழுதின கணக்கு மென்பொருள் பலது ஓடாது. ஹார்ட் டிஸ்க் நிஜமாவே கெட்டு 'டக் டக்'னு சத்தம் வந்தா, சும்மா ஓட்டிக்கிட்டிருக்காம நிறுத்திட்டு விவரம் தெரிஞ்சவங்ககிட்ட கொண்டு போங்க. ஆனா தமிழ்99-ல தட்டச்சுப் பழக, லிப்ரே ஆபீஸ்ல லெட்டர் எழுத, பாடம் பிடிஎஃப் படிக்க இது தாராளம். இந்தப் பதிவையும் அப்படி ஒரு மிஷின்லதான் அடிக்கறேன்.

ஊர்க்காரங்களுக்கும் ஒண்ணு சொல்றேன். போச்சுன்னு யாரு சொன்னாலும் ஒருதடவை பென்டிரைவ்ல எழுப்பிப் பார்க்காம தூக்கிப் போடாதீங்க. மடை அடைச்சுக்கிட்டா கிணத்தையா மூடறோம்?

அம்மா படத்தைப் பெருசா பிரிண்ட் போட்டு முன்வாசல்ல மாட்டியாச்சு. லேப்டாப்ல ஆன்டிஎக்ஸ் ஏத்திக் கொடுத்தேன், தம்பி மக அதுலதான் அவ பையனுக்கு அ, ஆ அடிக்கச் சொல்லிக் கொடுக்குது. பென்டிரைவ் இப்ப சாவிக்கொத்தோட ஆணியில தொங்குது. வேணும்ங்கிறவங்க வந்து எடுத்துட்டுப் போய் வேலை முடிச்சுட்டுத் திரும்ப மாட்டிடறாங்க.