மத்ரஸாவுக்கு அனுப்பும் முன் கொஞ்சம் விசாரிப்போம்



மத்ரஸாக்களுக்குப் பிள்ளைகளைச் சேர்க்கும் காலம் வந்துவிட்டது. வாட்ஸ்அப் குழுமங்களில் விளம்பரம் நிறைந்து கிடக்கிறது. பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று வாங்கவே நாலு பேரிடம் கேட்கிற நாம், பிள்ளையை ஆறேழு வருடம் ஒப்படைக்கிற இடத்தைப் பற்றி, "நம்மட ஊர்ப் பிள்ளைகள் ரெண்டு பேர் அங்கதான் ஓதுறாங்க" என்பதோடு விசாரணையை முடித்துக்கொள்கிறோம்.

ஓதப் போடுவதை யாரும் குறை சொல்லவில்லை. ஆலிம்கள் இல்லாத ஊர் நமக்கு வேண்டாம். எங்கள் கவலை, தரம் 6இலும் 7இலும் விடுகைப் பத்திரம் எடுத்துக்கொண்டு போகிற பிள்ளைகளைப் பற்றியது. எல்லோரும் பட்டம் பெற்று மௌலவியாக வருவதில்லை. சிலர் இரண்டு வருடத்தில் திரும்பி வருகிறார்கள். கூடப் படித்தவர்கள் தரம் 9இல் இருப்பார்கள். இந்தப் பிள்ளைக்குக் கணிதமும் விளங்காது, ஆங்கிலமும் விளங்காது. கடைசி வாங்கில் கொஞ்ச நாள் இருந்துவிட்டு, பிறகு ஏதாவது ஒரு கடையில் சாமான் கட்டப் போய்விடும். ஓதலும் இல்லை, படிப்பும் இல்லை.

ஆகவே மத்ரஸா நிர்வாகத்திடம் முதலில் கேட்க வேண்டியது, எத்தனை பேர் பட்டம் பெற்றார்கள் என்பதை அல்ல. சேர்ந்தவர்களில் எத்தனை பேர் இடையில் விலகினார்கள், அவர்கள் இப்போது எங்கே என்று கேளுங்கள். பதில் தடுமாறினால் யோசியுங்கள்.

எங்கள் அபிப்பிராயம், கிதாப் ஓதுவதற்குச் சாதாரண தரம் முடித்துப் போவதே நல்லது. நாட்டுச் சட்டமும் 16 வயது வரை பாடசாலைக் கல்வியைக் கட்டாயமாக்கியிருக்கிறது. 1973இல் மர்ஹூம் நளீம் ஹாஜியார் பேருவளையில் தொடங்கிய ஜாமிஆ நளீமிய்யா சாதாரண தரம் முடித்தவர்களைத்தான் சேர்க்கிறது. அங்கே படித்தவர்கள் பல்கலைக்கழகங்களிலும் அரச சேவையிலும் இருக்கிறார்கள். அரபும் இஸ்லாமியக் கற்கையும் படிக்க ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் தனிப் பீடமே இருக்கிறது. அதற்கும் உயர்தரம் வேண்டும்.

"ஹிப்ழ் சின்ன வயதில்தானே மனதில் நிற்கும்" என்பார்கள். சரிதான். ஹிப்ழோடு பாடசாலைப் பாடங்களையும் முறையாக நடத்தும் இடங்கள் இருக்கின்றன, அவற்றைத் தேடுங்கள். "நடத்துறோம்" என்ற வார்த்தையை மட்டும் நம்ப வேண்டாம். கணிதம் படிப்பிப்பவர் யார், நேரசூசியில் வாரத்துக்கு எத்தனை பாடவேளை, போன வருடம் எத்தனை பேர் சாதாரண தரம் எழுதினார்கள் என்று கேளுங்கள். முஸ்லிம் சமய பண்பாட்டலுவல்கள் திணைக்களத்தில் பதிவு இருக்கிறதா என்றும் பாருங்கள். அல்ஆலிம் பரீட்சைக்கு ஆயத்தப்படுத்துகிறார்களா என்பதும் முக்கியம், அது பரீட்சைத் திணைக்களம் நடத்துவது.

தங்குமிடத்தைக் கண்ணால் பாருங்கள். குளியலறை, சாப்பாடு, ஓர் அறையில் எத்தனை பேர், இரவில் பொறுப்பாக இருப்பவர் யார். பிள்ளை உம்மாவோடு தனியாக, பக்கத்தில் ஆள் நிற்காமல் ஃபோனில் பேச முடியுமா? அடிப்பார்களா என்று நேரடியாகவே கேளுங்கள். வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை.

பிள்ளையிடமும் கேளுங்கள். வாப்பா நேர்ந்துகொண்டார் என்பதற்காகப் போகிற பிள்ளையும், ஆசைப்பட்டுப் போகிற பிள்ளையும் ஒரே மாதிரி ஓதுவதில்லை.

விண்ணப்பம் நிரப்பும் முன் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஒரு தடவை போய் வாருங்கள். விழா நாளில் வேண்டாம். சாதாரண ஒரு செவ்வாய்க்கிழமை, பகல் சாப்பாட்டு நேரத்தில் போங்கள்.