பீட்டில்ஸின் ஆரம்பகால மேடைப் பதிவுகள் ஏன் இன்னும் வெளிவரவில்லை?

1957 ஜூலை 6. லிவர்பூலின் வூல்டன் பகுதியில் தேவாலயத் திருவிழா. அங்கே 16 வயது ஜான் லெனன், நண்பர்களோடு சேர்ந்து ‘குவாரி மென்’ என்ற பெயரில் பாடுகிறார். 15 வயது பால் மெக்கார்ட்னி அவருக்கு அறிமுகமானதும் அன்றைக்குத்தான். மாலை நிகழ்ச்சியை ஓர் இளைஞர் தன் க்ருண்டிக் டேப் ரெக்கார்டரில் பதிவு செய்தார். 1994ல் சதபீஸ் ஏலத்தில் அந்த டேப்பை ஈஎம்ஐ நிறுவனம் 78,500 பவுண்டு கொடுத்து வாங்கியது. அதற்கப்புறம் முப்பது வருஷம் ஓடிவிட்டது. பாட்டு இன்னும் வெளியே வரவில்லை.

இது ஒன்று மட்டுமில்லை. 1962ல் லிவர்பூல் கேவர்ன் கிளப்பில் ரசிகர் ஒருவர் பதிவு செய்த டேப்பை 1985ல் ஏலத்தில் மெக்கார்ட்னியே வாங்கிக்கொண்டார். அதுவும் வெளிவரவில்லை. 1963 ஏப்ரலில் ஸ்டோ என்ற தங்கும் பள்ளியில் நடந்த கச்சேரியை 15 வயது மாணவர் ஒருவர் பதிவு செய்திருந்த சங்கதி, 60 வருஷம் கழித்து 2023ல்தான் உலகத்துக்கே தெரிந்தது. பீட்டில்ஸ் பெயர் போட்டால் எதுவும் விற்கும் என்கிறோம். அப்படியிருக்க இதை மட்டும் ஏன் பூட்டி வைத்திருக்கிறார்கள்?

வழக்கமாகச் சொல்லப்படும் பதில், ‘சத்தம் சரியில்லை’ என்பது. அது பாதி உண்மைதான். மீதியைப் புரிந்துகொள்ள, வெளியே வந்துவிட்டு மறுபடி உள்ளே போன ஒரு டேப்பின் கதையைப் பார்க்கணும்.

பீருக்குக் கிடைத்த அனுமதி?

ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரம்தான் பீட்டில்ஸை உருவாக்கியது என்றால் மிகையில்லை. 1960ல் அங்கே போனபோது சாதாரண நாளில் நாலரை மணி நேரம், வார இறுதியில் ஆறு மணி நேரம் மேடையில் நிற்க வேண்டியிருந்தது. ஐந்து முறை போய்வந்தார்கள். கடைசி முறை, 1962 டிசம்பரில், ஸ்டார்-கிளப்பின் மேடை நிர்வாகி ஒரே ஒரு மைக்கை வைத்து வீட்டு டேப் ரெக்கார்டரில் அவர்களைப் பதிவு செய்தார். டேப் லிவர்பூல் பாடகர் டெட் டெய்லரின் கைக்குப் போனது. பீட்டில்ஸ் உலகப் புகழ் அடைந்த பிறகு மேலாளர் பிரையன் எப்ஸ்டீனிடம் கொண்டுபோனபோது, அவர் 20 பவுண்டுதான் தருவேன் என்றாராம். டேப் வருஷக்கணக்கில் தூசி படிந்து கிடந்தது.

1977ல் லிங்காசாங் என்ற நிறுவனம் அதைச் சுத்தப்படுத்தி, 26 பாட்டு கொண்ட இரட்டை இசைத்தட்டாக வெளியிட்டது. பீட்டில்ஸ் தரப்பு தடை கேட்டு நீதிமன்றம் போயும் நடக்கவில்லை. பல கம்பெனிகள் பல அட்டைகளில் அதையே திரும்பத் திரும்ப விற்றன. 1998ல் லண்டனில் வழக்கு மறுபடி வந்தபோது ஜார்ஜ் ஹாரிசன் நேரிலேயே வந்து சாட்சி சொன்னார். பீர் வாங்கிக் கொடுத்ததற்கு லெனன் வாய்வார்த்தையாகச் சம்மதித்தார் என்பது எதிர்த்தரப்பு வாதம். குடிபோதையில் இருந்த ஒருத்தர் குடிபோதையில் இருந்த மற்றவர்களைப் பதிவு செய்தது ஒப்பந்தம் ஆகாது என்றார் ஹாரிசன். அதைவிட வலுவான விஷயம் ஒன்றும் இருந்தது. 1962 ஜூனிலேயே பீட்டில்ஸ் ஈஎம்ஐயோடு ஒப்பந்தம் போட்டாச்சு. டிசம்பரில் வேறு யாருக்கும் அனுமதி கொடுக்க லெனனாலேயே முடியாது. கடைசியில் லிங்காசாங் விற்பனையை நிறுத்தி டேப்பையும் ஒப்படைக்கச் சம்மதித்தது.

சட்டத்தின் அடிப்படை எளிமையானது. உங்களுக்கு ஒருத்தர் கடிதம் எழுதினால் காகிதம் உங்களுடையது, எழுத்து அவருடையது. டேப்பும் அப்படித்தான். பொருள் ஒருத்தரிடம் இருக்கும், அதிலுள்ள குரலுக்கும் வாசிப்புக்கும் உரிமை இன்னொருத்தரிடம் இருக்கும். பாட்டை எழுதியவர் மூன்றாவது ஆள். ஸ்டார்-கிளப் தட்டின் 26 பாட்டில் இரண்டுதான் லெனன், மெக்கார்ட்னி எழுதியவை. மற்றதெல்லாம் அடுத்தவர் பாட்டு. கேவர்ன் டேப் பதிவான சமயத்தில் டிரம்ஸ் வாசித்தவர் ரிங்கோ ஸ்டார் அல்ல, பீட் பெஸ்ட். அவருக்கும் பங்கு உண்டு.

திறக்க வந்த சட்டமே பூட்டானது

இனிமேல்தான் சுவாரசியம். ஒலிப்பதிவுகளுக்கான பாதுகாப்பை 50 வருஷத்திலிருந்து 70 ஆக ஐரோப்பிய ஒன்றியம் 2011ல் உயர்த்தியது. ஆனால் ஒரு நிபந்தனை: பதிவான 50 வருஷத்துக்குள் வெளியிட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் உரிமை காலி. பழைய பதிவுகளைப் பதுக்கி வைக்காமல் மக்களுக்குக் கொடுக்கட்டும் என்பது நோக்கம். விளைவு? பாப் டிலன் தரப்பு 2012ல் ஏறக்குறைய 100 பிரதி மட்டும் அச்சிட்டுக் கணக்குக் காட்டியது. பீட்டில்ஸ் தரப்பு 2013 டிசம்பரில் 59 பதிவுகளை ஐடியூன்ஸில் ஏற்றியது. பெரும்பாலும் பிபிசி வானொலிக்குப் பாடியவை. அடுத்த வருஷங்களில் அதைத் தொடரவில்லை.

வூல்டன், கேவர்ன், ஸ்டோ டேப்புகளுக்கோ அந்த 50 வருஷம் எப்போதோ முடிந்துவிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிப்படி அந்த ஒலிப்பதிவுகளுக்கு இப்போது காப்புரிமை இல்லை. பாட்டு எழுதியவருக்குக் கட்ட வேண்டியதைக் கட்டிவிட்டால், டேப் கையில் இருப்பவர் வெளியிடலாம். அமெரிக்காவில் கதையே வேறு; 1957க்கும் 1972க்கும் இடைப்பட்ட பதிவுகளுக்கு அங்கே 2067 வரை பாதுகாப்பு. இன்றைக்குப் பாட்டு என்றால் ஒரே நாளில் உலகம் முழுக்கப் போகும் ஸ்ட்ரீமிங்தானே. ஓர் ஊரில் சரி, இன்னோர் ஊரில் வழக்கு என்றால் எந்த கம்பெனி இறங்கும்?

இதை வணிகக் கண்ணால் பார்த்தால் சங்கதி தெளிவாகும். உரிமை முடிந்துபோன பதிவை லட்சக்கணக்கில் செலவழித்துச் சுத்தப்படுத்தி வெளியிட்டால், மறுநாளே ஐரோப்பிய ஒன்றியத்தில் யார் வேண்டுமானாலும் மூலப் பதிவை நகலெடுத்து விற்கலாம். வெளியிடாதவரை டேப்பின் மதிப்பு ஏலக்கூடத்தில் அப்படியே இருக்கும். ஒரே பிரதி என்பதுதானே அதன் விலை! பதுக்கலை ஒழிக்க வந்த விதி, காலக்கெடு தாண்டியவற்றுக்குப் பதுக்கலையே லாபமாக்கிவிட்டது.

இதோடு ஆப்பிள் கோர் நிறுவனத்தின் சுபாவமும் சேர்கிறது. (ஐபோன் ஆப்பிள் இல்லைங்க, இது அதற்கும் முந்தி, 1968ல் பீட்டில்ஸே தொடங்கியது.) மெக்கார்ட்னி, ரிங்கோ, லெனன் குடும்பம், ஹாரிசன் குடும்பம் என நாலு தரப்பும் தலையாட்டினால்தான் அங்கே எதுவும் நகரும். தங்கள் பெயரில் மட்டமான எதுவும் வரக்கூடாது என்பதில் அவர்கள் கறார். அதில் நியாயமும் இருக்கிறது. பாடியவருக்குத் தன் குரல் எப்படி ஒலிக்க வேண்டும் என்று சொல்ல உரிமை இல்லையா?

ஆனால் ‘சத்தம் சரியில்லை’ என்ற காரணம் நாளுக்கு நாள் இளைத்துக்கொண்டே வருகிறது. 1964, 65 ஹாலிவுட் பவுல் கச்சேரிகளில் ரசிகர்களின் கூச்சலுக்கு அடியில் புதைந்த இசையை மீட்டு 2016ல் புதிதாக வெளியிட்டார்கள். லெனன் வீட்டில் பியானோ வாசித்தபடி கேசட்டில் பாடி வைத்திருந்ததிலிருந்து குரலைத் தனியாகப் பிரித்து 2023ல் ‘நவ் அண்ட் தென்’ வந்தது. எல்லா டேப்புக்கும் இது முடியாது. மைக்கில் விழாத சத்தத்தை மெஷின் மீட்க முடியாது, இட்டுக்கட்டத்தான் முடியும். அது வேண்டாம். கரகரப்போடு, உள்ளது உள்ளபடி கொடுத்தால் போதும்.

ஏனென்றால் இது வெறும் ரசிகர் ஆசை இல்லை. 1960, 61ல் ஹாம்பர்க் மேடைகளில் அவர்கள் எப்படி வாசித்தார்கள் என்பதைக் கேட்க நமக்கு ஒரு பதிவும் இல்லை. ஊர் மேடையில் அடுத்தவர் பாட்டைப் பாடிக்கொண்டிருந்த பையன்கள் சில வருஷத்தில் எப்படி அப்படி மாறினார்கள் என்பதற்கு மிஞ்சியிருக்கும் காதுச் சாட்சி இந்த நாலைந்து டேப்தான். காந்த நாடாவுக்கும் ஆயுள் உண்டு. ஈரமும் வெப்பமும் பட்டால் பூச்சு உதிரும், நாடா சுருங்கும். 60 வருஷம் தாண்டிய டேப்பை எத்தனை முறை ஓட்ட முடியும் என்பதே கேள்வி.

விற்பனைக்கு வெளியிடச் சொல்லி யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. ஆனால் லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்துக்கென்று பெரிய ஒலிக் காப்பகம் இருக்கிறது. டேப்பின் டிஜிட்டல் நகல் ஒன்றை அங்கே வைத்து, நேரில் வந்து கேட்க மட்டும் அனுமதிக்கலாம். இதனால் ஏல மதிப்பும் பெரிதாகக் குறையாது, யாருடைய பெயரும் கெடாது. ஈஎம்ஐ 2012ல் யுனிவர்சல் கைக்கு மாறியதிலிருந்து இந்தக் கோரிக்கையை யாரிடம் வைக்கணும் என்பதும் தெளிவு. ஸ்டோ பள்ளி டேப்புக்கு வேலை இன்னும் சுலபம், பெட்டகத்துக்குள் போவதற்கு முன்பே அதைப் பற்றி உலகத்துக்குத் தெரிந்துவிட்டது. அதிலிருந்தே தொடங்கலாம்.