வேதாகமக் கல்லூரியும் கேள்வி கேட்கும் உரிமையும்

இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கங்களில் நமது கூட்டம் நடக்கின்றபோதெல்லாம், கூட்டம் முடிந்த பின் யாராவது ஒரு பெரியவர் ஒதுக்கமாக வந்து ஒரு கேள்வி கேட்பதுண்டு. “ஐயா, பையன் பன்னிரண்டாவது முடித்துவிட்டான். வேதாகமக் கல்லூரியில் படித்துப் போதகராகிறேன் என்கிறான். அனுப்பலாமா?” என்பதே அது. கேட்கின்றவர் பெரும்பாலும் பஞ்சு மில்லிலோ, சத்திரப்பட்டி பண்டேஜ் தறியிலோ பாடுபட்டுச் சாப்பிடுகின்றவர். ஜாதி இழிவு பொறுக்கமாட்டாமல் அவருடைய பாட்டன் கிறிஸ்தவரானவர். ஆதலால் இந்தக் கேள்வியைக் கேலி செய்து தள்ளிவிட நமக்கு மனம் வராது. யோக்கியமாகப் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

முதலாவது, ஒப்புக்கொள்ள வேண்டியதை ஒப்புக்கொள்ளுவோம். கல்கத்தாவுக்கு அருகில் செராம்பூர் என்ற ஊர் டேனிஷ்காரர் வசம் இருந்த காலத்தில், 1818-ல், கேரி, மார்ஷ்மன், வார்டு என்ற மூன்று பாப்டிஸ்டுப் பாதிரிமார் அங்கு ஒரு கல்லூரி வைத்தார்கள். கேரி சீமையில் செருப்புத் தைத்துப் பிழைத்தவர். மார்ஷ்மன் நெசவுக் குடும்பத்தவர். வார்டு அச்சுத் தொழிலாளி. இந்த மூவரும் நமது நாட்டில் பிறந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? வேதத்தைக் கேட்ட சூத்திரன் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றச் சொல்லும் தர்ம சாஸ்திரமல்லவா இங்கு இருந்தது! அந்தச் செருப்புத் தைத்தவர் வைத்த கல்லூரிக்கு 1827-ல் டென்மார்க் அரசர் பட்டம் வழங்கும் உரிமையைச் சாசனமாகக் கொடுத்தார். 1833-ல் எழுதப்பட்ட அதன் விதிகளில், ஜாதியோ, நிறமோ, தேசமோ ஒருவன் சேருவதற்குத் தடையாகாது என்று கண்டிருக்கிறது. இதற்கு 30 வருஷம் முந்தியே, 1803-ல், பார்ப்பனராய்ப் பிறந்து கிறிஸ்தவரான ஒருவருக்குத் தச்சர் ஒருவரின் மகளை மணம் செய்வித்தவர்கள் இவர்கள்.

இது எங்கேயோ வங்காளத்துச் சங்கதி என்று நினைக்க வேண்டாம். மதுரை அரசரடியில் 1969-ல் ஏற்பட்ட தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் போதகர் படிப்புப் படிப்பவர்களுக்குக் கிடைக்கும் பட்டம் செராம்பூர்ப் பட்டமேயாகும். 1947-ல் பல சபைகள் கூடித் தென்னிந்தியத் திருச்சபை ஆனபோது பாப்டிஸ்டுகள் அதில் சேரவில்லை. இருந்தும், அந்தத் திருச்சபையில் நமது ஜில்லாவில் அங்கி தரித்து நிற்கும் போதகர் பலருடைய பட்டத்துக்கு வேர், அந்தப் பாப்டிஸ்டு மூவர் வைத்த கல்லூரிதான்.

நிற்க. வாசலில் ஜாதி கேட்கவில்லை என்பதற்காக வீட்டுக்குள் ஜாதி இல்லை என்று ஆகிவிடாது. திருநெல்வேலி ஜில்லா வடக்கன்குளத்துக் கத்தோலிக்கக் கோயிலில் ஜாதிக்கொரு பக்கம் என்று பிரித்து எழுப்பின சுவர் 1910-ல்தான் இடிக்கப்பட்டது. பிணத்தைப் புதைப்பதற்குங்கூட ஜாதிக்கொரு கல்லறைத் தோட்டம் வைத்துக்கொண்டிருக்கும் கிறிஸ்தவர் ஊர்கள் இன்றும் உண்டு. ஞானஸ்நானத் தண்ணீர் பாவத்தைக் கழுவினதோ இல்லையோ, ஜாதியைக் கழுவவில்லை என்பது மட்டும் நிச்சயம். செராம்பூர் விதியை ஏட்டில் படித்தவர்கள் அதை ஏட்டிலேயே வைத்துவிட்டார்கள்.

இதைவிட முக்கியமான ஒன்றைச் சொல்லுகின்றோம். பாப்டிஸ்டு சபை எப்படி உண்டாயிற்று? 1609-ல் ஆம்ஸ்டர்டாமில் ஜான் ஸ்மித் என்பவர், ஒன்றுமறியாத சிசுவின் தலையில் தண்ணீர் தெளித்து அதை ஒரு மதத்துக்கு உடைமையாக்குவது தவறு, விவரம் தெரிந்த பிறகு தானே விசாரித்து ஒப்புக்கொள்ளுகின்றவனுக்கே ஞானஸ்நானம் என்று கிளம்பினார். அவருடைய தோழர் தாமஸ் ஹெல்விஸ் 1612-ல், மனிதனுக்கும் கடவுளுக்கும் இடையில் ராஜாவுக்கு வேலையில்லை, அன்னிய மதத்தானையும் தண்டிக்கலாகாது என்று எழுதினதற்காகச் சிறையில் கிடந்தார். நாம் சொல்லுகின்றோம்: இது அருமையான கொள்கை! பிறந்த குழந்தைக்கு மதமில்லை என்று நாம் சொன்னால் நாஸ்திகம் என்கிறார்கள். அதில் பாதியை 400 வருஷத்துக்கு முன்பே பாப்டிஸ்டுகள் சொல்லிவிட்டார்கள்.

ஆனால், அந்தப் பாதியோடு நின்றுவிட்டார்கள் என்பதே நமது குற்றச்சாட்டு. ஜாதி தடையல்ல என்று சொன்ன அதே 1833-ஆம் வருஷத்து விதிகளில் இன்னொன்றும் இருக்கிறது. கிறிஸ்துவின் தெய்வத்தன்மையையும், அவர் மற்றவர் பாவத்துக்காக மரித்தார் என்பதையும் மறுப்பவர் ஆசிரியராகக் கூடாது. ஆசிரியரான பிறகு மனம் மாறி அப்படி மறுப்பதாக ருஜுவானால் உத்தியோகத்தை விட்டுவிட வேண்டும் என்பதாம். அதாவது, படிக்கலாம், ஆராயலாம், ஆனால் முடிவு மட்டும் முன்கூட்டியே எழுதி வைக்கப்பட்டிருக்கும்! விசாரித்து ஒப்புக்கொள் என்று ஆரம்பித்த சபை, விசாரித்து மறுத்தவனுக்கு வெளி வாசலைக் காட்டுகிறது. ஒப்புக்கொள்ள மட்டுமே இடமுள்ள விசாரணை விசாரணையாகுமா? பண்டேஜ் துணியைக்கூட இழை எண்ணிப் பார்த்துத்தானே எடுக்கிறோம்? கெட்ட துணியைத் தள்ள உரிமையில்லாதவனுக்குச் சோதனை செய்கிறவன் என்று பேர் எதற்கு?

பெரிய கல்லூரியின் கதியே இதுவென்றால், வாடகைக் கட்டடத்தில் இரண்டு அறையும் ஒரு பலகையும் வைத்து நடக்கும் சிறு வேதாகமக் கல்லூரிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. செராம்பூர்ப் பட்டத்துக்குச் சாசனமும் 1918-ஆம் வருஷத்து வங்காளச் சட்டமும் இருக்கின்றன. மற்றப்படி, 1956-ஆம் வருஷத்துப் பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டப்படி, பட்டம் கொடுக்கச் சட்டத்தால் உரிமை பெறாத ஸ்தாபனம் பட்டம் கொடுக்க முடியாது. அப்படிப்பட்ட இடத்துக் காகிதத்தைக் கொண்டு சர்க்கார் வேலைக்கு மனுப் போட முடியாது. நாளைக்குப் பையனுடைய மனம் மாறினால், நாலு வருஷப் படிப்பும் கையில் வெறுங் காகிதமாய் நிற்கும். சோற்றுக்காக நம்பாததை நம்புவதாகச் சொல்லிக்கொண்டு அவன் ஆயுள் முழுவதும் பிரசங்கம் செய்ய நேரிடும். ஒரு வாலிபனுக்கு இதைவிடப் பெரிய மானக்கேடு வேறென்ன?

இதைப் படித்துவிட்டு ஆண்டாள் கோயில் வாசலில் நின்று சிரிக்கப்போகும் இந்து வைதீகருக்கும் ஒரு வார்த்தை. உங்களுக்குச் சிரிக்க வாயேது? செருப்புத் தைத்தவர் வைத்த கல்லூரியில் 1833-லேயே ஜாதித் தடை இல்லை. நீங்களோ, எல்லா ஜாதியாரும் அர்ச்சகராகலாம் என்று 1970-ல் சட்டம் செய்தபோது கோர்ட்டுக்கு ஓடினீர்கள். 2006-ல் உத்தரவு போட்டபோதும் ஓடினீர்கள். பயிற்சி முடித்த 200-க்கு மேற்பட்ட வாலிபர்கள் வருஷக்கணக்காகக் காத்துக் கிடந்து, 2021 ஆகஸ்டு 14-ந் தேதிதான் அவர்களில் 24 பேருக்கு வேலை கிடைத்தது. கல்லுக்குப் பூசை செய்வது நமக்குப் பெருமையல்ல. பிறப்பைக் காட்டி ஒருவனை வெளியே நிறுத்துவது இழிவு என்பதற்காகவே அந்த உரிமையைக் கேட்டோம், கேட்கின்றோம்.

ஆகவே, அந்தப் பெரியவருக்கு நமது பதில் இதுதான். ஐயா, பையனைத் தடுக்க வேண்டாம், தடுப்பதும் பலாத்காரமே. ஆனால் சேர்ப்பதற்கு முன் அந்தக் கல்லூரித் தலைவரிடம் பையனையே கூட்டிக்கொண்டு போய் மூன்று கேள்வி கேளுங்கள். இந்தப் பட்டம் எந்தச் சட்டப்படி செல்லும்? என் ஜாதிக்காரன் படித்து முடித்தால், எல்லா ஜாதியாரும் இருக்கிற சபையில் அவனைப் போதகராக ஏற்றுக்கொள்ளுவார்களா? படித்துப் பார்த்து, இது எனக்குச் சரியாகப் படவில்லை என்று அவன் சொன்னால் அவனை என்ன செய்வீர்கள்?

மூன்றாவது கேள்விக்கு அவர் முகம் சுளித்தால், வீட்டுக்குத் திரும்பி வாருங்கள். பையனுக்குப் புத்தகம் வாங்கிக் கொடுங்கள். பைபிளையும் வாங்கிக் கொடுங்கள், அதை மறுக்கும் நூல்களையும் வாங்கிக் கொடுங்கள். இரண்டையும் படித்தபின் அவன் எந்தப் பக்கம் போனாலும், அது அவனே எடுத்த முடிவாக இருக்கும்.