7.5 விழுக்காட்டுக்கு வெளியே ஒரு வகுப்பறை

நந்தியின் திருக்கல்யாணத்துக்குப் பெயர்பெற்ற திருமழபாடியும், அடைக்கல மாதா ஆலயத்துக்குப் பெயர்பெற்ற ஏலாக்குறிச்சியும் அரியலூர் மாவட்டத்தில், கொள்ளிடத்தின் வடபுறத்தே அருகருகே உள்ள ஊர்கள். 1732-இல் சதுரகராதியைத் தமிழுக்குத் தந்த வீரமாமுனிவர் தங்கிப் பணியாற்றிய ஊர் ஏலாக்குறிச்சி. கிறித்தவ சமயப் பணியும் கல்வியும் இணைந்தே நடந்த வரலாறு இப்பகுதிக்குப் புதிதன்று. தமிழகத்தின் பல சிற்றூர்களில் அரசுப் பள்ளி வருவதற்கு முன்பே திருச்சபைகளின் பள்ளிகள் வந்துவிட்டன. பின்னாளில் அவற்றில் பல அரசு உதவிபெறும் பள்ளிகளாயின.

அப்பள்ளிகளில் தமிழ்வழியில் பயிலும் மாணவர்கள்தாம் இன்று ஒரு விநோதமான இடைவெளியில் நிற்கின்றனர்.

நீட் தேர்வால் மருத்துவக் கனவு இழந்து, 2017 செப்டம்பர் 1 அன்று உயிர் துறந்த குழுமூர் அனிதா இம்மாவட்டத்தின் மகள். அதன் பின் எழுந்த விவாதங்களின் தொடர்ச்சியாகவே நீதிபதி கலையரசன் ஆணையம் அமைந்தது. 2020-இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு வந்தது. முதல் ஆண்டிலேயே நானூறுக்கும் மேற்பட்ட இடங்கள் அவர்களுக்குக் கிடைத்தன. அடுத்த ஆண்டில் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் ஆகியவற்றுக்கும் இச்சலுகை விரிந்தது. அண்மைக் காலத்தில் தமிழகம் எடுத்த சிறந்த கல்வி முடிவுகளுள் ஒன்று இது என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஆனால், உதவிபெறும் பள்ளி மாணவர் இதில் இல்லை. அவருடைய ஆசிரியருக்கு ஊதியம் வழங்குவது அரசுக் கருவூலம். பாடநூல், மிதிவண்டி, மதிய உணவு எல்லாம் அரசு தருபவை. அரசின் இலவச நீட் பயிற்சியிலும் அவருக்கு இடமுண்டு. பயிற்சி வரை உடன் வரும் அரசு, கலந்தாய்வின் வாசலில் கையை விட்டுவிடுகிறது.

சட்டத்தின் ஒரு நுணுக்கம் இதைவிட உறுத்துகிறது. கல்வி உரிமைச் சட்டத்தின்கீழ் தனியார் பள்ளியில் எட்டாம் வகுப்பு வரை பயின்று, ஒன்பது முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர் இவ்வொதுக்கீட்டுக்குத் தகுதியுடையவர். ஊரிலுள்ள உதவிபெறும் நடுநிலைப் பள்ளியில் எட்டாம் வகுப்பை முடித்து, அதே அரசுப் பள்ளியின் அதே இருக்கையில் வந்தமரும் விவசாயக் கூலியின் மகளுக்கோ அத்தகுதி இல்லை. ஆறாம் வகுப்பில் எந்தப் பள்ளி என்பதைப் பத்து வயதுக் குழந்தையா முடிவு செய்தது?

பெற்றோர் கணக்குப் போடத் தெரியாதவர்கள் அல்லர். விவரமறிந்த குடும்பம் ஐந்தாம் வகுப்போடு பிள்ளையை அரசுப் பள்ளிக்கு மாற்றிவிடும். விவரமறியாத குடும்பத்தின் பிள்ளை அங்கேயே தங்கும். ஆக, எளியோருக்கான சலுகை எளியோரிலும் எளியோரைத் தவறவிடுகிறது.

மறுதரப்பு வாதத்திலும் நியாயம் உண்டு. உதவிபெறும் பள்ளிகள் பலவற்றில் கட்டணம் வாங்கும் ஆங்கிலவழிப் பிரிவுகள் இயங்குகின்றன. நகரத்துப் புகழ்பெற்ற கிறித்தவப் பள்ளிகளின் மாணவரையும் சேர்த்தால், கிராமத்து அரசுப் பள்ளி மாணவரின் இடம் பறிபோகும். இந்த அச்சத்துக்கு நிர்வாகங்களும் பொறுப்பேற்க வேண்டும். மாநகரில் புதிய சிபிஎஸ்இ பள்ளி கட்டுவதில் காட்டும் முனைப்பைச் சில மறைமாவட்டங்கள் சிற்றூரின் தமிழ்வழி வகுப்பறையில் காட்டுவதில்லை.

எனினும், இதற்கான தீர்வை அரசே வேறு திட்டங்களில் கண்டறிந்துவிட்டது. 2022-இல் அரசுப் பள்ளி மாணவியருக்கு மட்டுமெனத் தொடங்கிய புதுமைப் பெண் திட்டம், 2024 டிசம்பரில் உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் பயின்றோருக்கும் விரிந்தது. தமிழ்ப் புதல்வன் திட்டம் தொடக்கத்திலேயே அவர்களைச் சேர்த்துக்கொண்டது. காலை உணவுத் திட்டம் 2024 ஜூலையில் ஊரகப் பகுதி உதவிபெறும் தொடக்கப் பள்ளிகளுக்குச் சென்றது. மாதம் ஆயிரம் ரூபாய்க்குப் பொருந்தும் 'தமிழ்வழி' என்னும் அளவுகோல் மருத்துவ இடத்துக்குப் பொருந்தாமற் போவானேன்?

அரசுப் பள்ளி மாணவரின் 7.5 விழுக்காட்டில் கைவைக்க வேண்டியதில்லை. கலையரசன் ஆணையம் பரிந்துரைத்தது 10 விழுக்காடு. அரசு ஏற்றது 7.5. எஞ்சிய 2.5-ஐ, ஆறு முதல் பன்னிரண்டு வரை உதவிபெறும் பள்ளியில் கட்டணமில்லாத் தமிழ்வழிப் பிரிவில் படித்தோருக்கும், இடையில் அங்கிருந்து அரசுப் பள்ளிக்கு மாறியோருக்கும் அளிக்கலாம். இது ஒவ்வொரு சமூகப் பிரிவுக்குள்ளும் அமையும் உள்ஒதுக்கீடு என்பதால் 69 விழுக்காட்டு இடஒதுக்கீட்டுக்கு எந்த இடையூறும் நேராது.

2022 ஏப்ரலில் 7.5 விழுக்காட்டுச் சட்டத்தை உறுதிசெய்த சென்னை உயர்நீதிமன்றம், ஐந்து ஆண்டுகளில் அதை மறுஆய்வு செய்யவும் கூறியது. அந்த மறுஆய்வுக்கு முன், நீட் எழுதிய உதவிபெறும் பள்ளித் தமிழ்வழி மாணவர் எத்தனை பேர், இடம் பெற்றவர் எத்தனை பேர் என்ற விவரத்தைப் பள்ளிக் கல்வித் துறை மாவட்டவாரியாக வெளியிட வேண்டும். அரியலூரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. அங்குள்ள அரங்கத்துக்கு அனிதாவின் பெயரையே அரசு சூட்டியிருக்கிறது. முதல் பட்டியலை அம்மாவட்டத்திலிருந்தே தொடங்கலாம்.