தறிக்காரர் மகன் பேட்டிக்குப் போகிறான்!



குமாரபாளையத்திலே விசைத்தறி ஓட்டும் தோழர் ஒருவர் சென்ற வாரம் வந்திருந்தார். கூட்டத்துக்குத் தேதி கேட்க வந்தார் என்றெண்ணினேன். இல்லை! மகன் டாக்டராகிவிட்டான், தனியார் மருத்துவமனையிலே முதல் பேட்டி, ஐந்தே நாள் இருக்கிறது, பையன் சரியாகச் சாப்பிடுவதில்லை. "மேடையிலே முழங்குகிறீர்களே, அவனுக்கு இரண்டு வார்த்தை சொல்லக்கூடாதா?" என்றார்.

பள்ளிக்கூடத்தோடு படிப்பை முடித்தவன் நான். டாக்டருக்கு நான் சொல்வதாவது! ஆனாலும் அச்சம் எனக்குத் தெரியும். முதல் மேடையிலே, எழுதிச் சென்ற தாள் கையிலே நடுங்கிய நடுக்கம் இன்னும் நினைவிலிருக்கிறது. பையனை வரச் சொன்னேன்.

2020-இல் தமிழகம் இயற்றிய சட்டப்படி, நீட் தேர்விலே தேறிய அரசுப் பள்ளி மாணவருக்கு மருத்துவப் படிப்பிலே 7.5 விழுக்காடு இடம் ஒதுக்கப்பட்டதே, அந்த வாசல் வழியே நுழைந்தவன். நாலரை ஆண்டு படிப்பு, ஓராண்டு பயிற்சி. பிரசவ வார்டிலே இரவெல்லாம் நின்றவன். இரத்தத்தைக் கண்டு கலங்காதவன். அவன் கலங்குகிறான், மேசைக்கு அப்பால் அமரப் போகும் மூன்று பேரைக் கண்டு! ஏன்? ஆங்கிலத்திலே கேட்பார்களாம். அப்பாவுக்கு என்ன தொழில் என்பார்களாம்.

"பாம்பு கடித்தவனைத் தூக்கி வந்தால் என்ன செய்வாய்?" என்று கேட்டேன், பேச்சை மாற்ற.

பையன் நிமிர்ந்தான். மூச்சு, நாடி, இரத்த அழுத்தம் முதலில். இறுக்கிய கட்டு இருந்தால், திடீரென்று அவிழ்க்காமல், மருந்தைத் தயாராக வைத்துக்கொண்டு அவிழ்ப்பானாம். உலர்ந்த கண்ணாடிக் குழாயிலே இரத்தம் எடுத்து, இருபது நிமிடம் அசைக்காமல் வைத்துப் பார்ப்பானாம்; உறையவில்லையென்றால் நஞ்சு வேலை செய்கிறது. கண்ணிமை சரிகிறதா என்று கவனிப்பானாம். நஞ்சுமுறி மருந்து ஏற்றும்போது ஒவ்வாமை வந்தால் கொடுக்க அட்ரினலின் பக்கத்திலேயே இருக்குமாம். "நிலைமை கைமீறினால்?" என்றேன். "மூத்த டாக்டரை உடனே கூப்பிடுவேன்" என்றான், தயங்காமல்.

"இதைத்தானப்பா அங்கேயும் சொல்ல வேண்டும்!" என்றேன். நோயின் பெயரும் மருந்தின் பெயரும் ஆங்கிலத்திலேயே படித்தவன். மீதிக்குச் சின்னச் சின்ன வாக்கியம் போதாதா? தெரியாததைத் தெரியாது என்று சொல்வதிலே இழிவென்ன? தெரியாததைத் தெரிந்ததாகக் காட்டும் டாக்டரிடமல்லவா நோயாளி அஞ்ச வேண்டும்! "நெஞ்சைக் கரிக்குது, தலை கிறுகிறுங்குது" என்று வரும் ஏழைக்கு எந்தச் சீமைப் பேச்சு வேண்டியிருக்கிறது?

அரசு வேலைக்குப் பாதை வேறு. 2012-இல் ஏற்பட்ட மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் எழுத்துத் தேர்வு வைக்கிறது. அதற்கும் படிக்கட்டும், அதுவரை வீட்டிலே அடுப்பெரிய வேண்டுமே!

பேட்டியிலே அவர்கள் மட்டுந்தான் கேட்க வேண்டுமா? இவனும் கேட்க வேண்டும். ஒரு முறைக்கு எத்தனை மணி நேர வேலை? இரவிலே எத்தனை படுக்கைக்கு இவன் ஒருவன்? கூப்பிட்டால் வரும் மூத்தவர் யார்? சம்பளம் எந்தத் தேதியில்? முக்கியமாக ஒன்று: அசல் சான்றிதழ்களைக் காட்டலாம், கொடுத்துவிட்டு வரலாகாது. பட்டமும் மருத்துவக் கவுன்சில் பதிவும் நகலாகக் கொடுத்தால் போதும். அசலை வாங்கிப் பூட்டி வைத்துக்கொண்டு, "இத்தனை ஆண்டு இருந்தால்தான் தருவோம்" என்னும் இடங்களும் உண்டு. பையனுக்கு இது புதிதாக இருந்தது. அப்பாவுக்கோ விளக்கவே வேண்டியிருக்கவில்லை. தறிக்கூடத்திலே அட்வான்சு வாங்கி, அதை அடைக்க முடியாமல் அதே தறியிலே ஆண்டுக்கணக்கில் கட்டுண்டு கிடந்தவராயிற்றே அவர்!

கடன் வாங்கிக் கோட்டும் டையும் தைக்கப் போவதாகச் சொன்னார். தடுத்தேன். துவைத்துப் பெட்டி போட்ட சட்டை, மெருகு போட்ட செருப்போ பூட்சோ, போதும்.

எழுந்து போகும்போது, "அன்றைக்குத் தறிக்கு லீவு போட்டுவிட்டு நானும் கூட வரலாமா?" என்று என்னைக் கேட்டார். நான் பையனைப் பார்த்தேன்.

"வாங்கப்பா" என்றான் அவன். "தொழிலைக் கேட்டா, வெளியே உட்கார்ந்திருக்கார், அவரையே கேளுங்கன்னு சொல்றேன்."